ஒத்தடம் அண்ணனும் சீட்டில் விழுந்த மார்க்கர் கறையும்

உத்திரமேரூரில் யார் வீட்டில் என்ன நடந்தது என்பது போலீஸ் ஸ்டேஷனுக்குத் தெரிவதற்கு ஆறு மாதம் முன்பே ஒத்தடம் அண்ணனுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அவரிடமிருந்து ஒரு வார்த்தையைக் கறப்பதைவிட அடிபம்பில் பால் கறப்பது சுலபம்.

அவர் தொழில் கார் சீட்டில் கறை எடுப்பது. பெருநகர் போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை, உறுமுகிற ஒரு வாக்குவம் கிளீனர், கிழித்து அடுக்கிய வெள்ளை வேட்டித் துண்டுகள், பழைய வேனிலிருந்து கழற்றிப் போட்ட ஒரு பின்சீட். அவ்வளவுதான் கம்பெனி. நிஜப் பெயர் என்ன என்பது அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். "தேய்க்காத, ஒத்து! ஒத்து ஒத்தி எடு!" என்று நாள் முழுக்கக் கத்துவதால் ஊர் வைத்த பெயர் ஒத்தடம்.

தேய்ப்பதை அவரால் பார்க்கவே முடியாது. ஒருநாள் எதிர் டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர் சட்டையில் டீயைக் கொட்டிக்கொண்டு கையால் தேய்க்கப் போனார். ஒத்தடம் அண்ணன் ரோட்டைத் தாண்டிப் பாய்ந்து அந்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். வந்த டவுன் பஸ் பிரேக் போட்டு நின்றது. டீ குடித்தவர் பிக்பாக்கெட் என்று நினைத்துக் கூச்சல் போட்டார். "கத்து நைனா, நல்லா கத்து. ஆனா தேய்க்காத" என்று சொல்லிக்கொண்டே, தோளில் கிடந்த வெள்ளைத் துணியால் அந்தக் கறையை ஒத்தி எடுத்துவிட்டுத்தான் கையை விட்டார்.

இதைவிடப் பெரிய தொல்லை அவருடைய விசாரணை. கறை எப்படி வந்தது என்று முழுக்கதையும் சொல்லாவிட்டால் வண்டியைத் தொடமாட்டார். அந்த வேன் பின்சீட்டில் உட்காரவைத்துக் கேட்பார். ஊரில் அதற்குச் சாட்சிக்கூண்டு என்று பெயர். ஒரு காண்ட்ராக்டர் "காபி கொட்டிடுச்சுப்பா" என்றார். அண்ணன் குனிந்து சீட்டை மோந்து பார்த்தார்.

"காபில எப்ப சார் சுண்ணாம்பு போட ஆரம்பிச்சாங்க?"

"அது வந்து... வெத்தல."

"நீங்க வெத்தல போட மாட்டீங்களே."

காண்ட்ராக்டர் எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத் தனியாக வந்து, யார் போட்ட வெற்றிலை என்று காதோடு சொன்னார். கறையும் போயிற்று, கதையும் அண்ணனோடு போயிற்று. நான் எத்தனையோ முறை கிண்டிப் பார்த்துவிட்டேன். "பாலுக்குப் பச்சத்தண்ணி, மைக்கு ஸ்பிரிட்டு. எதுன்னு தெரிஞ்சாதான மருந்து போடலாம்? அதுக்குதான் கேக்கறது. உனுக்கு இன்னாத்துக்கு அது?" என்பார்.

அந்தச் சாட்சிக்கூண்டில் நானும் ஒருநாள் ஏறினேன்.

என் நண்பன் முரளி அரிசிமில் அம்மாவிடம் டிரைவர். சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்கு அந்தக் கார் என்றால் உயிர். சென்னை டிராஃபிக்கில் உரசிவிடும் என்று காரை வீட்டில் வைத்துவிட்டு, மகள் வீட்டுக்கு பஸ்ஸில் போகிறவர். சந்தன நிற சீட்டுக்கு ஒரு வருடம் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே வைத்திருந்து, அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் நல்ல நேரம் பார்த்துப் பிரித்தார். "காருல ஒரு பொட்டு அழுக்கு பட்டுச்சுன்னு வெச்சுக்க, சாவிய வெச்சுட்டு போய்க்கினே இரு" என்று முரளியிடம் முதல் நாளே சொல்லியிருந்தார். அவனுக்கு முன்னால் இரண்டு பேர் அப்படித்தான் போய்க்கினே இருந்தார்கள்.

அம்மா சென்னை போயிருந்த நாளில் முரளி அந்தக் காரை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் கிளம்பினான். தங்கை சுமதிக்கு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஊரான புள்ளலூரில் கல்யாணம். சீர்ப் பாத்திரம் வாங்க வேண்டும். நானும் தொற்றிக்கொண்டேன். கடையில் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மெஷின் ரிப்பேர். முரளியின் அம்மா போனில் அழாத குறை: "பேரு இல்லாம எடுத்தாராதடா, தாய்மாமன் வூட்டுப் பாத்திரத்தோட கலந்துடும், அப்புறம் பேஜாரு." நான் உடனே ஐடியா கொடுத்தேன். பர்மனென்ட் மார்க்கர்! ஒன்று வாங்கிக்கொண்டு, பின்சீட்டில் உட்கார்ந்து, ஓடுகிற காரிலேயே ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் என் முத்தான கையெழுத்தில் 'சுமதி' என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

திருப்புலிவனம் தாண்டி ஒரு ஸ்பீட் பிரேக்கர். வெள்ளை பெயின்ட் அடிக்காதது. 'சும' வரை அண்டாவில் இருந்தது. 'தி' சீட்டில் இருந்தது.

அப்போதே விட்டிருக்கலாம். ஆனால் நான் படித்தவன், போனில் நாலு வீடியோ பார்த்தேன். சானிடைசர் ஊற்றித் தேய்த்தேன். டூத்பேஸ்ட் வைத்துத் தேய்த்தேன். தேங்காய் நார் என்று ஒருவர் சொன்னார், அதையும் விடவில்லை. இருட்டுவதற்குள் 'தி' கால்வாசி அழிந்து, அதைச் சுற்றி ஆப்பம் அளவுக்கு ஒரு கருநீல வட்டம் விரிந்திருந்தது. மறுநாள் மதியம் பன்னிரண்டு மணி பஸ்ஸில் அரிசிமில் அம்மா வருகிறார். கல்யாண வாரத்தில் வேலை போனால் மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வான்?

காலை ஒன்பது மணிக்கு ஒத்தடம் அண்ணன் முன்னால் நின்றோம். அவர் சீட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"ஐயோ, தேச்சிக்கீறீங்களேடா! இன்னா ஆச்சு?"

நான் முந்திக்கொண்டேன். "கொழந்த கிறுக்கிடுச்சுண்ணே."

"எத்தினி வயசு கொயந்த?"

"மூணு."

"மூணு வயசுல 'தி' எழுதுதா? அதுவும் இவ்ளோ அழகா? இன்னாத்துக்கு பால்வாடிக்கு அனுப்பறீங்க, நேரா காலேஜ்ல சேத்துடு."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னோம். அண்டா, மெஷின், தேங்காய் நார் உட்பட. தேங்காய் நார் வந்ததும் அவர் காதைப் பொத்திக்கொண்டார். முதலில் சீட்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாத மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்து, துணியின் சாயம் போகிறதா என்று பார்த்தார்.

"எவ்ளோ நேரம்ணே ஆவும்?"

"நீ வாய மூடுற நேரம்."

சாயம் போகவில்லை. வெள்ளைத் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, கறையின் வெளி ஓரத்திலிருந்து உள்ளே பார்த்து ஒத்தினார். துணியில் நீலம் ஏறியதும் தூக்கிப் போட்டார், அடுத்த துண்டு. ஒத்தினார், போட்டார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி இருந்தது. நான் உதவி செய்கிறேன் என்று ஒரு துணியை எடுத்துத் தேய்த்தேன். புறங்கையில் ஒரு அடி விழுந்தது. ஆப்பம் சுருங்கி, பூரியாகி, அப்பளப்பூ அளவுக்கு வந்தபோது மணி பத்தரை.

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து அரிசிமில் அம்மா இறங்கினார். முந்தின பஸ்ஸைப் பிடித்துவிட்டாராம். "உங்க காரு ஒத்தடத்தாண்ட நிக்குது" என்று பஸ் ஸ்டாண்டில் எவனோ சேவை செய்திருக்கிறான்.

"இன்னாய்யா இது என் சீட்டுல?"

முரளி வாயைத் திறப்பதற்குள் ஒத்தடம் அண்ணன் எழுந்து நின்றார்.

"நான்தாம்மா. தம்பி சும்மா வாட்டர் வாஷுக்குதான் உட்டுச்சு. நான் டப்பால பேரு எழுதிக்கினு இருந்தேன், மார்க்கரு கைதவறி உயுந்துடுச்சு."

ஒரு சொட்டுப் பொய்க்குக்கூட சாட்சிக்கூண்டில் இடம் தராத மனிதர், கண்ணிமைக்காமல் ஒரு முழுப் பொய்யைச் சொல்லிவிட்டு நின்றார்.

அம்மாவின் குரல் மில் மோட்டாரோடு போட்டி போட்டு வளர்ந்தது. அவருடைய தொழில், கை, கண், கொட்டகை எதையும் விடவில்லை. அண்ணன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஆனால் ஸ்பிரிட் காய்ந்துவிடுமே! அதனால் திட்டு வாங்கிக்கொண்டே ஒரு கையைப் பின்னால் நீட்டி ஒத்திக்கொண்டும் இருந்தார்.

"இனிமே இந்த ஊர்ல எவன் உன்னாண்ட வண்டி உடறான்னு பாக்கறேன்!" என்று அம்மா சொன்னதும் முரளி உடைந்தான்.

"அவரு இல்லம்மா. நான்தான்." சொல்லி முடித்தான். காஞ்சிபுரம், சுமதி, புள்ளலூர் கல்யாணம், அண்டா, ஸ்பீட் பிரேக்கர். சாவியை எடுத்து நீட்டினான்.

அம்மா வாங்கிக்கொண்டார்.

"தங்கச்சிக்கு கல்யாணம்னு ஏன் சொல்லல?"

"காரு கேக்கறேன்னு நெனப்பீங்கன்னு..."

"கேட்டிருந்தா குடுத்திருப்பனா?"

முரளி யோசித்தான். "மாட்டீங்கம்மா."

"மாட்டேன்தான்" என்று அம்மாவும் ஒப்புக்கொண்டார். போய் சாட்சிக்கூண்டில் உட்கார்ந்தார். "பொண்ணு புள்ளலூருக்கு எதுல போவுது?"

"மினி லாரிலம்மா. பாத்திரத்தோட."

"கல்யாணப் பொண்ணு அண்டாவுக்கு நடுவுலயா உக்காந்து போவும்?" சாவி பறந்து வந்து முரளியின் நெஞ்சில் விழுந்தது. "இதுல இட்டுக்கினு போ. டவல் விரிச்சு உக்காரச் சொல்லு. தலைல கீற பூவு ஒண்ணு உள்ள உதிர்ந்துச்சு, அப்ப பேசிக்கறேன்."

அம்மா போனதும் ஒத்தடம் அண்ணன் முரளியை முறைத்தார். "நிஜத்த சொல்றவன் மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? அர மணி நேரம் திட்டு வேஸ்ட்டா வாங்கிக்கீறேன்."

"நீங்க ஏண்ணே பொய் சொன்னீங்க?" என்றேன்.

சோப்புத் தண்ணீரில் துணியைப் பிழிந்தபடி, பக்கத்தில் நின்ற முரளியைத் தாடையால் காட்டினார். "இவன் மூஞ்சிய பாத்தியா அப்போ? புதுக்கறையாட்டம் ஈரமா இருந்தான். அந்தம்மா வந்த வேகத்துக்கு இவன போட்டு தேச்சிருக்கும். அதான் குறுக்க கைய வெச்சேன்."

முரளி இன்னமும் அரிசிமில் அம்மாவிடம்தான் வேலை பார்க்கிறான். சீட்டில் அந்த இடத்தில் இப்போது ஒரு சாம்பல் நிழல் மட்டும் இருக்கிறது, தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். மாதம் ஒருமுறை அம்மா காரைப் பெருநகர் ரோட்டுக்கு விடச் சொல்கிறார். சீட்டில் தூசிகூட இருக்காது. அண்ணன் சும்மா ஒரு துணியால் ஒத்திக்கொண்டிருப்பார். அம்மா வேன் சீட்டில் உட்கார்ந்து, மகளைப் பற்றி, மில்லைப் பற்றி, தூக்கம் வராததைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்.

நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அந்த வேன் சீட்டில் உட்காருகிறேன். எனக்குக் கார் கிடையாது. அண்ணன் அதைப் பற்றி இதுவரை கேட்டதில்லை.