ப்ரெஸ்தோவோவின் உப்பு நாகரிகம்

ஐரோப்பிய நாகரிகத்தின் அஸ்திவாரம் எங்கள் ப்ரெஸ்தோவோ கிராமத்துச் சூப்பு அண்டாவில்தான் இருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை, ஊராட்சித் தீர்மானமே இருக்கிறது. செயலாளர் என்ற முறையில் முத்திரை குத்தியவன் நான். போன வருஷம்வரை இந்த மாபெரும் உண்மை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சோபியாவிலிருந்து லச்செசார் அவர்கள் குடிவந்து கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

லச்செசார் தலைநகரில் விளம்பரக் கம்பெனியில் பெரிய வேலை பார்த்தவர். "வேர்களைத் தேடி" வந்தார். யாருடைய வேர் என்று சொல்லவில்லை. அவருக்கு இந்தப் பக்கம் சொந்தபந்தம் எதுவும் கிடையாது. வந்த மூன்றாம் நாள் புனித கியோர்கி திருநாள். அன்று தேவாலய வாசலில் ஆட்டுச் சூப்பு காய்ச்சுவோம். ஊரே சட்டியோடு வரிசையில் நின்று வாங்கிப்போகும். பாதிரியார் வந்து ஆசீர்வதிக்கும்வரை யாரும் உப்புப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அந்த வருஷம் ஆடுகள் தங்காது என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அண்டாவைக் கவனிப்பவர் நெவெனா. நாக்கில் வைக்காமலே கைக்கணக்கில் மூன்று பிடி போடுவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அந்த வருஷம் தப்பியது. நெவெனா உப்புப் போட்டுவிட்டு ரொட்டி எடுக்கப் போனார். அவருடைய நாத்தனார் கின்கா அண்டா பக்கம் வந்தார். இருவருக்கும் ஒரு கோழி விஷயமாக ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. உப்புப் போட்டாயிற்றா என்று கேட்டால் தோற்றதாகிவிடும் என்று கின்கா பேசாமல் மூன்று பிடி போட்டார்.

பாதிரியார் ஆசீர்வதித்தார். முதல் கிண்ணம் புதிதாக வந்தவருக்கு. லச்செசார் ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதுதான்... உங்க ஊர் ருசியா?"

விருந்தாளி கேட்டதற்கு இல்லை என்று சொல்லும் கெட்ட பழக்கம் எங்களுக்குக் கிடையாது. மேயர் போகோமில், தாம் இன்னும் வாயில் வைக்காத சூப்பைப் பற்றி, "ஆமாங்க" என்றார்.

"ரொம்ப காலமாவா?"

"எங்க தாத்தாவோட தாத்தா காலத்துலேருந்துங்க."

தம் கண்ணீர் "மண்ணின் அழைப்பு" என்று லச்செசார் முடிவுகட்டினார். சூப்பில் ஒரு புட்டி சோபியா ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அண்டாவுக்கு ஒன்பது பிடி உப்பு என்று விஞ்ஞானம் தீர்ப்புச் சொன்னது. ஆறே வாரத்தில் வரலாறும் தயார். ரோமாபுரியின் உப்பு வண்டிகள் எங்கள் ஊர் வழியாகத்தான் போயிருக்கின்றன. ஆதாரம், மேயரின் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு நீளப் பள்ளங்கள். அவற்றை முந்தைய வசந்தத்தில் மேயரின் டிராக்டர் தோண்டியபோது நாங்கள் வேடிக்கை பார்த்தோம். ஆனால் விருந்தாளியின் மனதைப் புண்படுத்துவானேன்?

"மரபுச் சுவைப் பாதுகாப்புக் குழு" பிறந்தது. லச்செசார் தலைவர். இனி ஒன்பது பிடிதான், மறுப்பவர் கரண்டியைத் தொடக் கூடாது என்று விதி வந்தது. மறுநாளே நெவெனா என் அலுவலகத்துக்கு வந்தார்.

"கிரமென், அது கெட்டுப்போன சூப்புடா. நானும் போட்டேன், அவளும் போட்டுட்டா. அன்னைக்கு ஊர்ப் பன்னிகூட அதத் தொடல."

"அது இப்ப வரலாறு ஆயிடுச்சுக்கா. நான் கை வைக்க முடியாது."

"எனக்கு மூணு, அவளுக்கு மூணு. ஆறுதானே ஆச்சு? ஒம்பது எங்கேருந்து வந்துச்சு?"

"எழுத்துமூலமா குடுங்க. குழுவுல வைக்கிறேன்."

மீதி மூன்று பிடியைப் போட்டவன் நான். போகிற போக்கில், மறந்திருப்பார்களே என்ற பொதுநலத்தில் போட்டேன். இதைச் சொல்லியிருந்தால் நெவெனாவின் கரண்டி பிழைத்திருக்கும். சொல்லவில்லை. அரசு ஊழியன் வரலாற்றில் தலையிடக் கூடாதல்லவா?

இந்த வருஷத் திருநாளில் நெவெனா தம் வழக்கப்படி மூன்றே பிடி போட்டார். ஆசீர்வாதம் முடிந்ததும் தலைவர் ஒரு கரண்டி சுவைத்தார். முகம் சுருங்கியது.

"உப்பே ஏறலையே. ரெண்டாயிரம் வருஷத்தை ஒரே நாள்ல அழிச்சுட்டீங்களேம்மா."

"ரெண்டாயிரமா? போன வருஷம் மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் பொறந்த ருசி சார் அது."

கரண்டி பறிமுதலானது. தலைவர் தம் கையாலேயே மிச்ச ஆறு பிடியைப் போட்டார். நெவெனா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து மடித்து, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. குறிப்பேட்டில் "அமைதியாக நடைபெற்றது" என்று எழுதினேன்.

ஊர் மக்கள் பக்தியோடு வரிசையில் நின்று வரலாற்றை வாங்கினார்கள். தேவாலயத்தின் பின்புறம் போய், அதே பக்தியோடு அதைக் கீழே கொட்டினார்கள். பிறகு காலிச் சட்டியோடு நேரே நெவெனா வீட்டுக் கொல்லைப்புறம். அங்கே சின்ன அண்டா ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. விறகு தள்ளிக்கொண்டிருந்தவர் கின்கா. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள், கோழியைப் பற்றித்தான்.

கடைசியாக லச்செசாரும் வந்துசேர்ந்தார். தம் கையால் போட்ட மரபை ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்துவிட்டு, தண்ணீர் கேட்டு வந்திருந்தார். நெவெனா தண்ணீருக்குப் பதில் சூப்பை நீட்டினார். தாகத்தில் அவர் கடகடவென்று குடித்தார்.

"அற்புதம். இந்த மாதிரி நான் சாப்பிட்டதே இல்ல. எந்த ஊர்ச் சமையல் இது?"

கின்கா என் விலாவில் இடித்துக் காதில் கிசுகிசுத்தார். "மதினி சூப்புதான் இந்த ஊரு சூப்புன்னு சொல்லித் தொலையேன்டா. வாயில என்ன, கொழுக்கட்டையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நெவெனாவும் பார்த்தார்.

"வெளியூர்ச் சமையல் சார்," என்றேன்.

லச்செசார் கவலையோடு தலையசைத்தார். இவ்வளவு ருசியான வெளியூர்ச் சரக்கு உள்ளே நுழைந்தால் எங்கள் மரபு என்னாவது? அங்கேயே அவசரக் கூட்டம் கூடியது. ப்ரெஸ்தோவோ எல்லைக்குள் நெவெனா வகைச் சூப்பைத் தடைசெய்யும் தீர்மானத்தை நான் வாசித்தேன். ஒரு கையில் அந்தச் சூப்பின் கிண்ணம் இருந்ததால், மறு கையைத் தூக்கி எல்லோரும் ஆதரித்தோம்.