ஈரச்சாக்கு விழுந்தாரா?

போன புதன்கிழமை என் நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மாலை 4.20. ஈரச்சாக்கு ஓசூரில் மகன் வீட்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாராம். சொன்னவர், தக்காளி மண்டிக்கு வந்த லாரி டிரைவர். அவரும் நேரில் பார்க்கவில்லை." அலுவலகப் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நேரில் பார்க்காதவர் சொன்னதை நம்பி எழுதிய பக்கம் என் குறிப்புகளில் வேறு கிடையாது.

எங்கள் ஊர் மாரண்டஹள்ளியில் யார் வேண்டுமானாலும் விழலாம். ஈரச்சாக்கு விழ முடியாது. தரைதான் அவரைக் கண்டு பயப்பட வேண்டும்.

மண்டியில் பழைய சாக்கு வாங்கி விற்பது அவர் தொழில். அடுத்தவர் வீட்டில் யாரும் விழாமல் பார்த்துக்கொள்வது அவர் வியாதி. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கால் கட்டைவிரலால் தரையை ஒரு தேய்ப்பு தேய்ப்பார். பளபளப்பாக இருந்தால் முகம் சுருங்கிவிடும். கையோடு கொண்டுவந்த சாக்கை நனைத்து, முறுக்கிப் பிழிந்து, விரித்துவிட்டுத்தான் உட்காருவார். "காஞ்ச சாக்கு ஆளோட சேந்து போவும். ஈரச்சாக்குதான் தரையப் புடிச்சிக்கும்" என்பார். பெயர் அப்படித்தான் வந்தது.

ஒருநாள் எங்கள் தெருத் தையல்காரர் வீட்டுக்குச் சட்டை வாங்கப் போனவர், பாத்ரூம் எங்கே என்று கேட்டு உள்ளே போனார். ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை. கூப்பிட்டால் பதிலும் இல்லை. தையல்காரரின் மனைவி அலற, நான்கு பேர் சேர்ந்து கதவை உடைத்தோம். உள்ளே மனிதர் குந்தி உட்கார்ந்து, பிரஷ்ஷும் பிளீச்சிங் பவுடருமாகத் தரையில் பாசி எடுத்துக்கொண்டிருந்தார்.

"கூப்ட்டா ஏங்க பேசல?" என்றார் தையல்காரர்.

"வாயத் தொறந்தா பவுடர் உள்ள போவுதுங்க. கதவு போனா வேற போட்டுக்கலாம். உங்க இடுப்பு போனா?"

பக்கத்துத் தெரு வாத்தியார் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்த் திரும்பினால், வீட்டு மாடிப்படியின் கடைசிப் படி மஞ்சள் பெயின்ட்டில் மின்னியது. பக்கத்தில் பிரஷ்ஷோடு ஈரச்சாக்கு. "கடைசிப் படி கண்ணுக்குத் தெரியாமத்தான் சார் எல்லாரும் வுழுவாங்க. காயற வரைக்கும் மிதிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு டப்பாவோடு போய்விட்டார்.

இதெல்லாம் சாதாரணம். எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வருகிறேன்.

முகம் பார்த்துத் தலை சீவக்கூடிய வெள்ளை டைல்ஸ். என் மனைவியின் தேர்வு. விடியும் முன்பே ஈரச்சாக்கு வந்து, வாசலிலிருந்து ஹோமகுண்டம் வரை சாக்கு விரித்துவிட்டார். கூடமே அழுகிய உருளைக்கிழங்காக மணத்தது. "வீடியோல இந்தக் கருமமா வுழுவணும்?" என்று என் மனைவி எல்லாவற்றையும் சுருட்டிக் கொல்லையில் எறிந்தாள். நான் தடுக்கவில்லை. பதிவு பதிவாகவே இருக்கட்டும்.

அழைப்பிதழின் பின்புறம் அன்று நான் குறித்தது: "5.10, பசு உள்ளே வந்தது. 5.11, பசு உட்கார்ந்தது."

அது உட்காரவில்லை. நான்கு காலும் நான்கு திசைக்குப் போய், வயிறு டைல்ஸில் அறைந்தது. பசுவின் சொந்தக்காரி சின்னத்தாயி அந்த ஒரு மாட்டுப் பாலில்தான் குடும்பம் நடத்துகிறாள். "ஐயோ, தொடை வுட்டுப்போச்சுன்னா என் பொழப்பே போச்சே!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். உறவினர்கள் வாலைப் பிடித்து இழுத்தார்கள். வீடியோக்காரர் நல்ல கோணம் தேடினார். நான் அழைப்பிதழைத் திருப்பி நேரம் குறித்தேன்.

"வால வுடுங்கடா!" என்று கொல்லைப் பக்கமிருந்து ஒரு சத்தம். ஈரச்சாக்கு சாக்குகளோடு ஓடிவந்தார். பின்னங்கால் இரண்டும் மேலும் அகலாதபடி தன் துண்டால் தளரக் கட்டினார். ஒவ்வொரு குளம்புக்கும் கீழே ஒரு சாக்கைத் திணித்தார். பிறகு அதன் காதோரம் குனிந்து, "எந்திரி தாயி. இப்ப வழுக்காது, எந்திரி" என்றார்.

மூன்றாவது முயற்சியில் பசு எழுந்து நின்றது. எழுந்த நிம்மதியில் கூடம் நிறையக் கோமியம் விட்டது.

"ரொம்ப மங்களம்!" என்றபடி ஓரடி எடுத்து வைத்த புரோகிதர், சுவர் வரை வழுக்கிக்கொண்டே போனார். அங்கே உட்கார்ந்தபடி, "எனக்கும் ஒரு சாக்கு போடுங்கோ" என்றார்.

என் மனைவி கொல்லைக்குப் போய், மீதிச் சாக்குகளைத் தானே நனைத்துக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் ஈரச்சாக்கு எங்கள் பாத்ரூமில் ஓர் இரும்புக் கைப்பிடி பதித்தார். இன்றுவரை அதைப் பிடிக்காமல் நான் எழுந்ததில்லை.

போன மழைக்காலத்தில் ஈரச்சாக்கை அவர் மகன் ஓசூருக்கு அழைத்துக்கொண்டான். பஸ் ஏறும்போது அவர் கையில் சாக்கு இல்லை. முதல் அதிர்ச்சி எனக்கு அங்கேதான்.

"எங்கீங்க சாக்கு?"

"அந்த வூட்ல வேணாம்னுட்டாங்க சார். பாவம், மருமவ ஆசையா டைல்ஸ் போட்டிருக்கு."

ஊரையே மிரட்டியவர், மருமகளிடம் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

மூன்று நாளாக அவர் போனுக்கு அடிக்கிறேன். மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை. நாளைக் காலை ஓசூர் பஸ் ஏறுகிறேன். பையில் இரண்டு சாக்கு. என் மனைவி இப்போதே நனைத்துப் பிழிந்து வைத்திருக்கிறாள்.

"அங்க போயி நனைச்சிக்கலாமே?" என்றேன்.

"உள்ள போன ஒடனே விரிச்சிருங்க. மருமவ கேட்டா எங்கிட்டப் பேசச் சொல்லுங்க. பசு கதைய நான் சொல்றேன்."

அவர் விழுந்தாரா என்பது இந்த வரி எழுதும்வரை உறுதியாகவில்லை. ஆயுள் முழுக்கத் தகவல் சரியா என்று பார்த்தே பழகியவன், ஒரு தகவல் தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பஸ் ஏறப் போகிறேன்.