பரிசீலனையில் இருந்த பவளம்

இதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் சம்பந்தியம்மா. போன மழைக்காலத்தில், பல் டாக்டரின் அறை வாசலில் ஆளுக்கொரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொன்னார்.

அவருடைய வீட்டுக்காரர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகம் அவரை விட்டது. அவர் அலுவலகத்தை விடவில்லை. அவர்கள் குடியிருப்பில் அப்போது கடல்நீர்த் தொட்டி வைப்பதுதான் நாகரிகம். குழாயில் குடிதண்ணீர் வராத நாளிலும் வரவேற்பறையில் கடல் அலையடிக்கும்.

இளைய மகள் தன் தொட்டியில் வளர்த்த மென்பவளம் என்ற கடலுயிரில் ஒரு துண்டை வெட்டி, கல்லில் ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். காளான் குடை மாதிரி உருவம். குடைமேல் முழுக்கக் குட்டிக் குட்டி விரல்கள். விளக்கைப் போட்டால் அத்தனையும் விரியும்.

"உன் பேத்தி மாதிரி பாத்துக்கோம்மா. லீவுக்கு வந்து பாப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒருநாள் அது விரியவில்லை.

"மணி பத்தாச்சு. இன்னும் திறக்கலை!" என்றார் கண்காணிப்பாளர்.

"உங்க ஆபீஸே பத்தரைக்குத்தானே திறக்கும்?" என்றார் சம்பந்தியம்மா.

மறுநாளும் திறக்காததால், மேற்படி பவளத்தின் ஒழுங்கீனத்தை விசாரிக்க மூவர் குழு அமைக்கப்பட்டது. தலைவர் இவரே. எதிர்வீட்டுப் பொறியாளர், "வெளிச்சம் பத்தலை" என்று கையை விட்டு அதை மேலே ஏற்றி வைத்தார். மாடிவீட்டுத் தணிக்கையாளர், "எனக்கு ஆட்சேபணை இருக்கு" என்று கீழே இறக்கி வைத்தார். தலைவர் இருவர் கருத்தையும் மதித்து நடுவில் வைத்தார். தொடத்தொட அது சுருங்கியது. சுருங்கச் சுருங்க இவர்கள் தொட்டார்கள். அம்மா மகளுக்குப் போன் போட்டார்.

போனில் மகள் பதறினாள். "மெழுகு மாதிரி படலம் தெரியுதா? தோல் உரிக்குதும்மா, தானா சரியாகிடும். அலை மோட்டார் மட்டும் ஓடட்டும். தொட்டுக்கிட்டே இருந்தா அழுகிடும்!"

"ஒண்ணுமே செய்யாம இருக்கணுமா? அப்புறம் நிர்வாகம்னு ஒண்ணு எதுக்கு?" என்றார் கண்காணிப்பாளர்.

அம்மா பூஜையறையில் விளக்கேற்றி, 'இவருக்கு நல்ல புத்தியும் அதுக்கு நல்ல ஆயுசும் கொடு' என்று வேண்டிக்கொண்டு வந்தார்.

"ஏங்க, ஆபீஸ்ல புருஷனை இழந்த ஒருத்தி பென்ஷன் மனு போட்டாளே, அதை என்ன பண்ணீங்க?"

"பரிசீலனையில வெச்சேன்."

"நடுவுல யாராவது தொடலாமா?"

"தொட்டா தொலைச்சிடுவேன்! மேலிடத்து உத்தரவு வரணும்."

"அப்ப இதையும் பரிசீலனையில வைங்க. மேலிடத்துல நான் இப்பதான் சொல்லிட்டு வந்தேன்."

ஓய்வு பெற்ற பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு களையை அம்மா பார்த்ததில்லை. தெரிந்த வேலை கிடைத்துவிட்டது! தொட்டியைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார். முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பொறியாளர் வந்தால், "விஷயம் பரிசீலனையில் இருக்கிறது. அடுத்த வாரம் வாருங்கள்." தணிக்கையாளர் வந்தால், "சம்பந்தப்பட்டவர் இருக்கையில் இல்லை."

படலம் அலையில் உரிந்து போனது. பவளம் முன்னைவிடப் பெரிதாக, விரல் விரலாக மலர்ந்தது. குழுவின் துரித நடவடிக்கைக்குக் குழுவே நன்றி தெரிவித்துக்கொண்டது. லீவுக்கு வந்த மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்புறம்தாங்க வினை" என்றார் சம்பந்தியம்மா. "சமையலறைக் குழாய் ஒழுகுது. ரிப்பேர் பண்ணச் சொன்னா, 'தொடாதே, பவளம் தானா சரியாகலையா?'ங்கறார். லிஃப்ட் நின்னு போச்சு. அதையும் குழு பரிசீலிக்குது."

நான் சிரித்துவிட்டு, "அந்தப் பென்ஷன் மனு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"பவளம் மலர்ந்துச்சு. அந்தம்மா என்ன ஆனாங்களோ, தெரியலைங்க."

அப்போது டாக்டர் எட்டிப் பார்த்து, "வலி எப்ப ஆரம்பிச்சது?" என்றார். வெயில்காலத்திலேயே என்று இருவருமே சொன்னோம். தானாகச் சரியாகும் என்று விட்டிருந்தோம்.

உங்களுக்குத் தெரிந்த நல்ல குழாய்க்காரர் இருந்தால் சம்பந்தியம்மா வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். தொட்டியில் மட்டும் கை விட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.