நார்வலின் பெல்ட் ஏன் அறுவதில்லை?

நான்காவது பெல்ட் அறுந்தபோது, செல்மரின் வண்டித் தட்டில் பிறந்து ஒரு மணி நேரமே ஆன கன்று ஒன்று படுத்திருந்தது. வீடு முக்கால் மைல் தள்ளி இருந்தது. மாதம் ஏப்ரல்தான். ஆனால் மான்டானாவில் ஏப்ரலை நம்பி எவனும் கம்பளிக் கோட்டைக் கழற்றுவதில்லை; பனி கொட்டிக்கொண்டிருந்தது.

ரப்பர் கருகிய நாற்றம் மூக்கில் ஏறியதுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இறங்கி, பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தார். பெல்ட் நார் நாராகக் கிடந்தது. மாற்றுப் பெல்ட்டும் கையில் இல்லை. கன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தாய்ப்பசு, இவர் ஏதோ பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்துக் கத்திக்கொண்டே பின்னால் வந்தது.

வாசலில் அவர் மனைவி ஆர்டிஸ் நின்றிருந்தாள்.

"வண்டி எங்க?"

"காலாற நடக்கலாம்னு தோணிச்சு."

"கன்னுக்குட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டா?"

செல்மர் அடுப்பங்கரைக்குள் நுழைந்து கன்றைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஆர்டிஸுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? பதினொரு வருஷம் அவள் மாடு பார்க்கப் போனதெல்லாம் பிஸ்கட் என்ற தன் பெண்குதிரை மேல்தான். போன கோடையில் செல்மர், இஞ்சினின் விசையை ரப்பர் பெல்ட் வழியாகச் சக்கரத்துக்குக் கடத்தும் இந்தச் சின்னப் பண்ணை வண்டி மேல் ஆசைப்பட்டார். இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், பின்னால் ஒரு தட்டு, தீவன மூட்டையோ வேலிக்கம்போ எதையும் போடலாம். குதிரை சும்மா நின்றாலும் குளிர்காலம் முழுக்கத் தின்னும், வண்டி சும்மா நின்றால் எதையும் தின்னாது என்று இரண்டு வாரம் அவளை நச்சரித்தார். கடைசியில் பிஸ்கட்டை எதிர்மேட்டு நார்வலுக்கு விற்றார்கள், அவருடைய பேத்திகள் ஏறி விளையாட. ஆர்டிஸே அதை நடத்திக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். வந்தவள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இப்போது பேசினாள்.

"நிக்கும்போது தின்னாதுன்னியே, சரிதான். ஓடும்போது பெல்ட்டாத் தின்னுது. இன்னொண்ணு அறுந்துச்சுன்னா, நீயே நார்வல்கிட்டப் போயி என் பிஸ்கட்டைத் திருப்பிக் கேக்கணும். நான் வரமாட்டேன்."

எங்கள் பக்கத்தில் கொட்டகையே எரிந்து சாம்பலானாலும், "கொஞ்சம் வெதுவெதுப்பா இருந்துச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒரு பொருளில் குறை சொல்வதே அநாகரிகம். விற்றதைத் திருப்பிக் கேட்பது அதைவிடக் கேவலம். அதுவும் நார்வலிடம். அந்த மனிதர் சொல்லைக் கேட்டுத்தானே வண்டியே வாங்கினார்!

நார்வல் இதே வண்டியை ஒரு வருஷம் முன்னால் வாங்கியிருந்தார். எப்படி இருக்கிறது என்று செல்மர் காப்பிக் கடையில் கேட்டார். நார்வல் காப்பியை நெடுநேரம் கலக்கினார்.

"குறை சொல்றதுக்கில்ல" என்றார்.

ஆலங்கட்டி மழை அவருடைய கோதுமையை அடியோடு படுக்கவைத்த வருஷமும் நார்வல் இதையேதான் சொன்னார். செல்மருக்கு அது அப்போது நினைவுக்கு வரவில்லை. மறுநாளே கடைக்குப் போய் அதே வண்டியை, அதே பச்சை நிறத்தில் வாங்கிவிட்டார்.

கன்று பிழைத்தது. ஆனால் செல்மரின் மண்டைக்குள் ஒரு கேள்வி குடையத் தொடங்கியது. ஒரே கடை, ஒரே வண்டி, ஒரே பெல்ட். நார்வலுக்கு மட்டும் ஏன் அறுவதில்லை? எதிர்மேட்டில் நார்வலின் வீடு. இந்தப் பக்கம் இவருடைய ஜன்னல். நரி பார்க்கும் பைனாகுலரை எடுத்து வைத்துக்கொண்டார்.

காலை ஏழு மணிக்கு நார்வலின் வண்டி தட்டு நிறைய வேலிக்கம்போடு சரிவில் இறங்கும். ஆடாமல் அசையாமல் நிதானமாக இறங்கும். மாலையில் அது எப்படி வீடு திரும்புகிறது என்று செல்மர் பார்த்ததில்லை. ஐந்தரைக்கு ஆர்டிஸ் சாப்பாடு வைத்துவிடுவாள், சாப்பாட்டு மேஜை வீட்டின் பின்பக்கம்.

"சத்தமே வரல ஆர்டிஸ். இஞ்சினை என்னமா வச்சிருக்கான் பாரு."

ஆர்டிஸ் பார்க்கவில்லை. உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நிதானம்தான் ரகசியம் என்று முடிவு கட்டினார் செல்மர். மறுநாள் தட்டில் தீவன மூட்டைகளை ஏற்றி, வேகக் கியரிலேயே போட்டு, ஆமை நடையில் மேய்ச்சல் நிலமெல்லாம் சுற்றினார். மூன்றாம் நாள் ஐந்தாவது பெல்ட் கொட்டகைக்குப் பின்னால் கருகிப் போனது. நல்லவேளை, ஆர்டிஸ் பார்க்கவில்லை. நாற்பது மைல் போய் இரண்டு பெல்ட் வாங்கிவந்து, திருடன் மாதிரி உட்கார்ந்து மாட்டினார்.

பாரத்தோடு மெதுவாகப் போனால் பெல்ட் வழுக்கிச் சூடாகும், அப்போது இழுவைக் கியரில் போடுங்கள் என்று கடைக்காரன் படித்துப் படித்துச் சொன்னான். செல்மர் பணிவாகத் தலையாட்டினார். நாற்பது வருஷம் டிராக்டர் ஓட்டியவருக்குக் கடைக்காரனா கியர் சொல்லித்தருவது? அவருக்கு நார்வலின் ரகசியம்தான் வேண்டும்.

மறுவாரம் பைனாகுலரில் புதிய விஷயம் ஒன்று பட்டது. நார்வலின் வண்டியில் பெல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டிய மூடியே இல்லை! காற்று! பெல்ட்டுக்குக் காற்றோட்டம் விட்டிருக்கிறான் கெட்டிக்காரன். செல்மர் அன்றே தன் வண்டி மூடியையும் கழற்றி எறிந்தார்.

ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் உள்ளே புகுந்தது. ஈரத்தில் பெல்ட் வழுக்க, இஞ்சின் ஊரைக் கூட்டியது, வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. தொடை வரை பனித்தண்ணீரில் இறங்கித் தள்ளினார். அன்று ஆர்டிஸின் தலைமுடி உலர்த்தும் மெஷின் குளியலறையிலிருந்து காணாமல் போய், ஒரு மணி நேரம் கழித்துக் கிரீஸ் வாசனையோடு திரும்பி வந்தது.

இனித் தண்ணீரும் புழுதியும் உள்ளே போகவே கூடாது என்று மூடியை மறுபடி மாட்டி, அதன் காற்றுக்குழாய் வாயில் ஆர்டிஸின் மெல்லிய காலுறை ஒன்றை நான்காக மடித்துக் கட்டினார். தண்ணீர் போகவில்லை, புழுதி போகவில்லை. காற்றும் போகவில்லை.

சனிக்கிழமை ஆர்டிஸும் கிடேரிகளைப் பார்க்க வண்டியில் ஏறினாள். பாதி வழியில் இருக்கைக்கடியிலிருந்து புகை வந்தது. பிறகு டப்பென்று ஒரு சத்தம். வண்டி நின்றது. செல்மர் மூடியைத் திறந்தார். ஆர்டிஸ் பெல்ட்டைப் பார்க்கவில்லை, குழாய் வாயில் கருகித் தொங்கியதைப் பார்த்தாள்.

"இது நான் ஈஸ்டருக்கு வாங்கினது."

செல்மர் தொப்பியைக் கழற்றினார்.

"போ" என்றாள் ஆர்டிஸ், எதிர்மேட்டைக் காட்டி.

செல்மர் போனார். நார்வல் சரிவின் அடியில் வேலி கட்டிக்கொண்டிருந்தார். பச்சை வண்டி பக்கத்தில் சமர்த்தாக நின்றது. மேலே பட்டியில் பிஸ்கட் தெரிந்தது. உடம்பு மெலியவில்லை, தோள் திரண்டு முன்னைவிடக் கட்டாக இருந்தது. நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று செல்மர் நினைத்துக்கொண்டார். இதைப் போய் எப்படிக் கேட்பது?

எங்கள் வழக்கப்படி முதல் இருபது நிமிஷம் பனியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள். நார்வல் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தாகப் போகிறது. இனியும் தாங்காது என்று செல்மர் கேட்டேவிட்டார்.

"நார்வல், உன் பெல்ட் மட்டும் எப்பிடி அறாம இருக்கு?"

நார்வல் கையிலிருந்த குறட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குறை சொல்றதுக்கில்ல" என்றார்.

"எனக்கு ஆறு போயிடுச்சு" என்றார் செல்மர். அறுபத்து மூன்று வருஷ வாழ்க்கையில் அவர் வாய்விட்டுச் சொன்ன முதல் குறை அது. சொன்னதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே நெஞ்சு லேசானது. அந்த வேகத்தில் மிச்சத்தையும் கொட்டினார். ஆர்டிஸ் முகத்தில் விழிக்க முடியவில்லை, பிஸ்கட் இல்லாமல் வீட்டுக்குப் போகவும் முடியாது, வாங்கிய விலைக்கு மேலேயே தருகிறேன்.

நார்வலுக்குக் காது நுனிவரை சிவந்தது. பேத்திகள் ஏங்கிப்போவார்கள் என்றார். பேத்திகள் இந்த வருஷம் வரவே இல்லை என்பது ஊருக்கே தெரியும். அப்புறம் குதிரைக்குக் குளம்பு சரியில்லை என்றார். அப்புறம் காப்பி குடிக்கிறாயா என்றார்.

காப்பி அதற்குள் வந்துவிட்டது. நார்வலின் மனைவி லவோன் பிளாஸ்கோடு சரிவில் இறங்கி வந்து, பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிகாகோக்காரி. முப்பது வருஷம் எங்களோடு இருந்தும் மென்று விழுங்கக் கற்றுக்கொள்ளாதவள். செல்மருக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தாள்.

"குதிரையைத் தாராளமாக் கூட்டிட்டுப் போங்க செல்மர். ஆனா தினம் சாயங்காலம் ஒரு நடை இங்க அனுப்பிடுங்க. அது இழுக்கலேன்னா எங்க வண்டி மேடு ஏறாது."