என் ஸ்கூட்டரை நான் காப்பாற்றிய விதம்

டெல்லியில் உள்ள அத்தனை திருடர்களுக்கும் சேர்த்து ஒரு சபதம் செய்தேன். "என் ஸ்கூட்டர்மேல எவனாவது கை வச்சுட்டான்னா என் பேர் ஏகாம்பரம் இல்லை." கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸின் மாடிப்படிக்குக் கீழே, புது வண்டியின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

"பேரை மாத்தினா ரேஷன் கார்டுலயும் மாத்தணும்" என்றாள் என் மனைவி இந்திராணி.

அவளுக்கென்ன. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவன் நான். பதிவு செய்தபோது தலையில் முடி இருந்தது. வண்டி வந்தபோது ஹெல்மெட் மட்டும்தான் இருந்தது. வந்த வாரமே கீழ்வீட்டு சேஷனின் ஸ்கூட்டர் பட்டப்பகலில் காணாமல் போயிற்று. வண்டி நின்ற இடத்தில் மிச்சமிருந்த எண்ணெய்க் கறையையே மனிதர் பார்த்துக்கொண்டு நின்றார்.

கரோல் பாகில் ஒரு சர்தார்ஜி கடைக்குப் போனேன். வண்டியைத் திருடன் தொடக்கூடாது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, கடையில் இருந்ததையெல்லாம் மாட்டிவிட்டார். முன் சக்கரத்துக்குப் பூட்டு. பின் சக்கரத்துக்குச் சங்கிலியும் அலிகர் பூட்டும். ஸ்டெப்னிக்குப் பூட்டு. பெட்ரோல் மூடிக்குப் பூட்டு. தொட்டால் அலறும் ஒரு பெட்டி, அதை அடக்க ஒரு சாவி. போதாததற்கு சீட்டுக்கு அடியில் ஒரு ரகசிய சுவிட்ச். அதைத் தட்டாமல் எத்தனை உதை உதைத்தாலும் வண்டி கிளம்பாது.

"அந்த சுவிட்ச் எங்கேன்னு எனக்குக்கூடச் சொல்லமாட்டீங்களா?"

"மாட்டேன். ரகசியம்னா ரகசியம்."

"நான் யார்கிட்டங்க சொல்லப்போறேன்?"

"பக்கத்து வீட்டு பல்ஜீத் கௌர்கிட்ட."

"அவளுக்குத் தமிழ் தெரியாதே."

"உனக்கு இந்தி தெரியுமே."

அலாரம் நன்றாகவே வேலை செய்தது. காக்கை உட்கார்ந்தால் அலறியது. மேல்வீட்டுத் துணியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அலறியது. முதலில் காலனியே ஓடி வந்தது. பிறகு சேஷன் மட்டும் வந்தார். பிறகு நானே போவதை நிறுத்திவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவித் துடைத்து, மாலை போட்டேன். பக்தியில் ஒரு குறையும் வைக்கக்கூடாது என்று ஒவ்வொரு பூட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். காவல் காப்பதில் பெரிய பங்கு ரகசிய சுவிட்சுக்குத்தான். அதை விட முடியுமா? குனிந்து அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன்.

இவ்வளவு செய்தும் நிம்மதி இல்லை. காலையில் எல்லாப் பூட்டையும் திறப்பதற்குள் ஆபீசில் வருகைப் பதிவேட்டை உள்ளே எடுத்துப் போய்விடுவார்கள். வண்டியை ஆபீஸ் வாசலில் நிறுத்தினாலும் ஃபைலைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெமோ வந்தது. கடைசியில் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பழையபடி பஸ்ஸில் தொங்கினேன். பஸ்ஸிலும் பிக்பாக்கெட் பயம். அதனால் சாவிக்கொத்தை முருகன் படத்துக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போனேன்.

"ஏங்க, ஒரு வெள்ளிக்கிழமையாவது வண்டியில கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்களேன்."

"கோயில் வாசல்ல செருப்பே தங்கறதில்ல. வண்டி தங்குமா?"

"அப்புறம் எதுக்கு வண்டி வாங்கினோம்?"

"திருட்டுப் போகாம இருக்கறதுக்கு."

ஒரு நாள் வயிற்று வலி என்று மத்தியானமே வீடு திரும்பினேன். மாடிப்படிக்குக் கீழே வண்டி இல்லை. சங்கிலி மட்டும் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பூட்டுகள் அதன்மேல் வரிசையாக இருந்தன. இவ்வளவு ஒழுங்கான திருடன் இருப்பான் என்று நான் நினைத்ததில்லை. வயிற்று வலியை மறந்து போலீஸ் சௌக்கிக்கு ஓடினேன்.

"பூட்டு போடலையா?" என்று இந்தியில் கேட்டார் போலீஸ்காரர்.

நான் ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். ஸ்டெப்னி வருவதற்குள் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பாயி சாஹப், வண்டிக்குள்ள தங்கமா வச்சிருந்தீங்க?"

புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்தேன். இத்தனை வருஷம் காத்திருந்து வாங்கிய வண்டியை ஒரு நாளாவது ஆசை தீர ஓட்டினேனா? அப்போதுதான் உறைத்தது. நடுரோட்டில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டு வாசலை நெருங்கும்போது பின்னால் ஹாரன் அடித்தது. ஒதுங்கினேன். என் ஸ்கூட்டர். அதில் சல்வார் கமீஸ் போட்ட இந்திராணி. அவள் பின்னால் பல்ஜீத் கௌர், மடியில் கத்தரிக்காய்ப் பை.

"என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"நீ... எப்போ கத்துக்கிட்டே?"

"தீபாவளிக்கு முன்னாடியே. பல்ஜீத் வீட்டுக்காரர் வண்டியில. லைசென்ஸும் வந்தாச்சு."

"அலாரம் அடிச்சிருக்குமே?"

"அடிச்சுது. சேஷன் சார் 'காக்கா'ன்னு சொல்லி ஜன்னலைச் சாத்திட்டார்."

"சாவி?"

"முருகனுக்கு தினமும் பூ வைக்கிறது யாரு?"

"ரகசிய சுவிட்ச்?"

"நீங்கதானே பொட்டு வச்சீங்க? பொட்டு இருந்த இடத்தையெல்லாம் ஒவ்வொண்ணாத் தொட்டேன். கிளம்பிடுச்சு."

"போலீஸ்ல புகார் கொடுத்துட்டேன், இந்திராணி."

"அச்சா." என்றவள், பல்ஜீத்தை இந்தியில் இறங்கச் சொன்னாள். "நீங்க ஏறுங்க, வாபஸ் வாங்கிட்டு வந்துடலாம்."

வழியில் அவள் பேசிக்கொண்டே ஓட்டினாள். "பொட்டையெல்லாம் துடைச்சுட்டேங்க. திருடன் பார்த்தா என்ன ஆகும்? சர்தார்ஜிகிட்டப் போய் சுவிட்சையும் வேற இடத்துக்கு மாத்திட்டேன்."

"எங்கே?"

"ரகசியம்னா ரகசியம்."

அடுத்த ஆயுத பூஜைக்கு அவளே வண்டிக்குப் பொட்டு வைத்தாள். நான் கூடவே போய்க் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். ஒரு பூட்டுக்கும் வைக்கவில்லை. சீட்டுக்கு அடியில் குனியவே இல்லை. பின் சீட்டில் ஒரே ஒரு பொட்டை வைத்துவிட்டு, "இது உங்க இடம்" என்றாள்.