அக்காவுக்கு மூணு பெல்

ஓடாத வண்டிக்கு மணி கட்டி, அது தெருக்கோடி வரை கேட்கிறதா என்று வீடுவீடாக விசாரித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் கோலார் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய நந்திதுர்க்கில், எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கக்கூடும். எங்களுக்கு அவர் ‘மூணு பெல்’.

சுரங்கம் ஓடிய காலத்தில் ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியின் வாயில் நின்று கேஜுக்கு மணி அடித்தவர். ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுதான் கேஜ். அதை இழுக்கும் எஞ்சின்காரர் தள்ளி உட்கார்ந்திருப்பார். உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. ஒரு பெல் என்றால் சரக்கு, இழு. மூணு பெல் என்றால் மனிதர்கள், பார்த்து இழு. சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இவரை மூட முடியவில்லை. டீக்கடையில்கூட கரண்டியால் டம்ளரை மூன்று தட்டுத் தட்டுவார். “மனுசன் வந்துகிறேன்பா, பாத்து ஊத்து.”

இரும்புக் கடையில் உடைபடக் காத்திருந்த பழைய பிக்கப் ஒன்றை மீட்டு வாசலில் நிறுத்தினார். வந்தபோது எஞ்சின் இருந்தது, கதவு இல்லை. கதவு கிடைத்ததும் எஞ்சின் படுத்துக்கொண்டது. ரேடியேட்டர் பங்காருபேட்டையிலிருந்து வந்தது. சீட், மூடிய சினிமா கொட்டகையிலிருந்து.

நான் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாலைக் காப்பி முடிந்ததும் எதிர்வீட்டுக்குப் போய், அன்றைக்கு எந்த விதி மீறப்பட்டது என்று அறிவிப்பது என் வழக்கம்.

“கொட்டகை நாற்காலிக்கெல்லாம் அனுமதி கிடையாது.”

“அப்ப படம் ஓட்டிக்கலாமா சார்?”

இதற்கிடையில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சொன்ன பேச்சுக் கேட்காமல் போயின. பங்காருபேட்டையில் இருக்கும் தங்கையைப் பார்க்க ஆசைப்பட்டாள். நானும் இன்னும் இரண்டு பேரும் தூக்கி ஆட்டோவில் திணித்தோம். தெருவே வேடிக்கை பார்த்தது. “இன்னா மூட்டையா நானு? இறக்குங்க. இனிமே வாசப்படி தாண்ட மாட்டேன்” என்றாள். தாண்டவும் இல்லை. தங்கை போனில் அழுவாள். இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்பாள்.

அதன் பிறகுதான் எதிர்வீட்டில் வெல்டிங் சத்தம் அதிகமானது. படுத்திருந்த எஞ்சினும் ஒருவழியாக எழுந்து உறுமியது. பிக்கப்பின் பின்புறம் இரும்புச் சட்டம், சங்கிலி, கப்பி எல்லாம் முளைத்தன.

“இது என்ன தூக்குமேடை?”

“கேஜ் சார்.”

“வண்டிக்குப் பின்னால எதையும் நீட்டக்கூடாது.”

“நீட்டலியே சார், தூக்கறேன்.”

முதல் சோதனையில் ஓர் அரிசி மூட்டை ஜோராக மேலே போய், சாய்ந்து, சாக்கடையில் குதித்தது. அடுத்த சோதனைக்குத் தானே ஏறினார். சங்கிலி பாதியில் சிக்கிக்கொண்டது. அந்தரத்தில் நின்றவருக்கு, அவர் எந்தப் பிரிவின் கீழ் குற்றவாளி என்பதை விளக்கினேன். “சட்டம் எங்கயும் ஓடாது சார், மொதல்ல எறக்குங்க!”

இறக்கும்போதுதான் கவனித்தேன். கூண்டுக்குக் கைப்பிடி வலது பக்கம் மட்டும் இருந்தது.

“இடது பக்கம் எங்கே?”

“இன்னாத்துக்கு சார்? அக்கா வலது கையாலதானே புடிக்கும்.”

அதற்கப்புறம் அவரிடம் நான் விதி பேசவில்லை. கோலார் அலுவலகத்தில் போய்ப் பேசினேன். உடல் இயலாதவருக்காக வண்டியை மாற்றியமைக்க விதியில் இடமுண்டு. வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு காரியத்தை நடத்துவதற்காக விதியைத் தேடினேன். அனுமதி கிடைத்தது.

அடுத்த ஞாயிறு வண்டி எங்கள் வாசலில் நின்றது.

“வாங்கக்கா, தங்கச்சியைப் பாத்துட்டு வந்துருவோம்.”

மனைவி கூண்டை ஏற இறங்கப் பார்த்தாள். “அன்னிக்கி அரிசி மூட்டை போனது இதுலதானே?”

“மூட்டைக்கு ஒரு பெல்லுக்கா. உங்களுக்கு மூணு.”

தடியை ஊன்றி அவளே நடந்தாள். அவளே ஏறி நின்றாள். மணி மூன்று முறை ஒலித்தது. தெருவில் உட்கார்ந்திருந்த பழைய சுரங்கத்துக்காரர்கள், யாரும் சொல்லாமலே எழுந்து ஒதுங்கினார்கள். பால் பொங்குவதுபோல் கூண்டு மெல்ல உயர்ந்தது.

“ஏங்க, நீங்க வரலியா?” என்று மேலிருந்து கேட்டாள்.

நானும் ஏறினேன். எனக்கு ஒரு பெல் அடித்தார். தெருவே சிரித்தது, அவள்தான் அதிகம் சிரித்தாள்.

இப்போது மாதம் ஒருமுறை பங்காருபேட்டை. எனக்கு இன்னமும் ஒரு பெல்தான். அதனாலென்ன, அவளுக்கு மூணு பெல் அடிக்க அவர் இருக்கும்வரை, நான் மூட்டையாகவே ஏறிக்கொள்கிறேன்.