சுவர் தாண்டிய ஒன்றியம்

“அங்கிள், ரெண்டு பில்டிங்குக்கும் ஒரே மழைதானே பெய்யுது?” என்று பக்கத்துக் கட்டடத்து மலரின் மூத்த மகள் சிந்து ஒருநாள் கேட்டாள். உலகின் தலைசிறந்த அரசியல் சாசனம் அந்தக் கேள்வியில்தான் பிறந்தது. அதை எழுதிய குழுவின் செயலாளர் அடியேன்.

பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் கட்டடத்துப் போர்வெல்லில் தண்ணீர் இருந்தது. சுவருக்கு அப்பால் வற்றிவிட்டது, டேங்கரும் வரவில்லை. மலருக்கோ கைக்குழந்தை.

“குழந்தையைக் குளிப்பாட்டவாவது ரெண்டு குடம் குடுங்கண்ணா” என்றார்.

மனம் உருகிவிட்டது. உடனே கூட்டம் போட்டோம்.

வெறுமனே குழாயைத் திறந்துவிடுவது நாகரிகமா? இரு கட்டடங்களும் ‘ஒன்றியம்’ ஆக வேண்டும். அதற்குச் சாசனம் வேண்டும்.

“முதல்ல பொது அடையாளம் சார். அது இல்லாம சாசனம் நிக்காது” என்றார் தலைவர் ஹரிஷ்குமார்.

“நோ மேன்! சாசனம் எழுதுங்க, அடையாளம் பின்னாலயே வரும்” என்றார் குழு உறுப்பினர் டேரில்.

இந்த உயர்ந்த விவாதத்தில் பல ஞாயிறுகள் இனிதே கழிந்தன. மலர் கோயில் குழாயிலிருந்து குடம் சுமந்தார்.

மொழியை அடையாளமாக்கலாமா? ஆகாது. சாப்பாடு? கோழிக் குழம்பில் கூட்டம் உடைந்தது.

“நாம எல்லாருமே ஈஜிபுராக்காரங்கதானே?” என்றார் மலரின் கணவர் பாக்கியராஜ்.

கூட்டம் கொதித்தது.

“யாரு? நான் மண்டியா!”

“நான் கே.ஜி.எஃப்.!”

“நாங்க காக்ஸ் டவுன் ஃபேமிலி மேன். இங்க சும்மா டெம்பரரி!” டேரில் டெம்பரரியாக வந்து இருபது வருஷம் ஆகிறது.

கிடைத்துவிட்டது! இந்த ஊர்க்காரர் யாருமில்லை என்பதே எங்கள் பொது அடையாளம். “தற்காலிகமாக இங்கே தங்கியுள்ள மக்களாகிய நாங்கள்” என்று முகவுரை எழுதினேன். ஒரே கைதட்டல்.

“அப்போ தண்ணி?” என்றார் பாக்கியராஜ்.

“அது பன்னிரண்டாவது ஷரத்துப்பா. இப்பத்தானே முகவுரை!”

மொட்டைமாடியில் எல்லோரும் முகவுரைக்கு வாக்களித்துக்கொண்டிருக்க, டீ வாங்கக் கீழே இறங்கினேன். தரைத்தள ஜோசபின் ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுவரெல்லாம் ஈரம். அந்தப் பக்கம், குளிக்கிற குழந்தையின் வீறல்.

“செடிக்கு ஊத்தினேண்ணா” என்றார்.

அவர் வீட்டில் செடி கிடையாது. கொரோனாவில் அவர் குடும்பமே காய்ச்சலில் கிடந்தபோது, தினமும் அந்தச் சுவர்மேல் கஞ்சிப் பாத்திரம் வைத்துவிட்டுப் போனவர் மலர். அதற்கு முன்பு அவர்களுக்குள் பேச்சுப் பழக்கம்கூட இல்லை.

ஒன்றியம் அமையுமுன் தண்ணீரைச் சுவர் தாண்டவிட்டது கடுமையான விதிமீறல். ஆனால் ஜோசபின்மீது நடவடிக்கை எடுக்க வழியில்லை. கண்ணால் கண்ட சாட்சி ஒருவருமில்லை.

தண்ணீர் தராமல் பேசிக்கொண்டிருந்ததற்கு எங்கள்மீது எடுக்கலாம். ஒரு மொட்டைமாடி நிறையச் சாட்சிகள் இருக்கிறோம்.